தரங்கம்பாடி நெகட்டிவ் எங்கே?

அன்புள்ள முரளி,

பத்து மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று மணி அண்ணன் சொன்னார். இங்கே எல்லோரும் சுகம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மறுபடியும் கேமராவைத் தூக்கிவிட்டேன். சிரிக்காதே. ‘விக்கி லவ்ஸ் மான்யுமெண்ட்ஸ்’ என்று ஒரு புகைப்படப் போட்டி. 2010இல் நெதர்லாந்தில் தொடங்கியது, இப்போது பல நாடுகளில் செப்டம்பர் தோறும் நடக்கிறது. பழைய கட்டிடத்தைப் படமெடுத்து, பாதுகாக்க வேண்டியவை என்ற பட்டியலில் அதற்குள்ள எண்ணோடு, விக்கிப்பீடியாவுக்குப் படம் கொடுக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் ஏற்ற வேண்டும். எடுத்தவர் பெயரைப் போட்டுவிட்டு அந்தப் படத்தை யாரும் பயன்படுத்தலாம், காசு பண்ணவும் செய்யலாம். உனக்கு வயிறு எரியும், தெரியும். ஆண்டு மலரில் பெயர் விட்டுப்போனதற்கு மூன்று நாள் யாரோடும் பேசாதவன் அல்லவா நீ!

இங்கே இங்கிலாந்துப் பட்டியலில் மட்டும் சுமார் 4 லட்சம் பதிவுகள். கோட்டை, கதீட்ரல் என்று நினைத்துத்தான் நான் இறங்கினேன். அந்த மாதிரி முதல் தர, அதாவது கிரேடு 1, சமாசாரமெல்லாம் நூற்றுக்கு இரண்டரைதான். தொண்ணூறுக்கு மேல் கிரேடு 2: குடியிருக்கிற வீடு, சின்னப் பாலம், கல்லறை, மைல்கல், குதிரைக்குத் தண்ணீர் காட்டிய தொட்டி. சிவப்பு டெலிபோன் பெட்டிகளே இரண்டாயிரத்துக்கு மேல். பீட்டில்ஸ் நால்வரும் நடந்தார்களே, அந்த அபே ரோட்டைக் கடக்கும் வெள்ளைக் கோடுகளைக்கூட 2010இல் சேர்த்துவிட்டார்கள். தார் ரோட்டில் அடித்த பெயிண்டை எப்படியடா பாதுகாப்பது?

கதீட்ரலை ஊரே படமெடுத்து வைத்திருக்கிறது. மைல்கல்லை எடுக்க ஆளில்லை. ஆகவே என் சனிக்கிழமைகள் மைல்கல்லுக்கு. போன வாரம் இரண்டு மணி நேரம் வேலியோரமாக நடந்து, காஞ்சொறியில் கையை விட்டு, ஒன்றைக் கண்டுபிடித்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து எண்ணைச் சரிபார்த்தால், பட்டியலில் இருப்பது அடுத்த மைலில் உள்ள கல்! இன்னொரு நாள் ஒரு வீட்டுக்கு எதிரே நின்று ஃபோகஸ் செய்துகொண்டிருக்கிறேன், பெரியவர் ஒருவர் கதவைத் திறந்து வந்துவிட்டார். விரட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். பட்டியலில் வந்ததிலிருந்து ஒரு ஜன்னல் மாற்றக்கூட அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதே என்று அரை மணி நேரம் புலம்பினார். நம் சோடாபுட்டி சாரைப் பார்த்த மாதிரியே இருந்தது.

படங்கள்? சுமார்தான். கேமராவை அண்ணாந்து பிடித்தால் கட்டிடம் மல்லாக்கச் சாய்கிறது. “பின்னால் போடா” என்று நீ கத்துவாயே, அது காதில் விழுகிறது. பின்னால் போனால் பஸ் வருகிறது.

இதெல்லாம் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன் என்று நினைக்காதே. நேற்று ராத்திரி தரங்கம்பாடி ஞாபகம் வந்தது. நான் இரண்டு ரோலையும் டேன்ஸ்போர்க் கோட்டைக்கே செலவழித்தேன். நீ உன் ஒரே ரோலோடு மாசிலாமணிநாதர் கோயில் முன்னால், முழங்கால் தண்ணீரில், இடிந்து கிடந்த கல்லை ஒவ்வொன்றாகப் படமெடுத்துக்கொண்டிருந்தாய். கரையில் நின்று எவ்வளவு கிண்டல் செய்தேன்! கோட்டை 1620இல் கட்டியது, இன்னும் நிற்கிறது. என் படம் இல்லாவிட்டால் யாருக்கு நஷ்டம்? கோயில் 1306ஆம் வருடத்தது. முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது, மிச்சத்தையும் திருப்பணி செய்து புதிதாக்கிவிட்டார்கள். அன்றைக்கு நாம் பார்த்த கோயில் உன் நெகட்டிவில்தான் இருக்கிறது முரளி.

நெகட்டிவ் போட்டு வைத்த அந்த பிஸ்கட் டப்பா எங்கே? வீடு மாற்றும்போது தூக்கிப் போட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே. படம் எந்த வருடம் எடுத்ததாக இருந்தாலும் பரவாயில்லை, எடுத்தவனே ஏற்ற வேண்டும், அதுதான் விதி. உன் பெயரில்தான் வரும், இந்தத் தடவை விட்டுப்போகாது. பூஞ்சை பிடித்திருந்தாலும் அப்படியே ஸ்கேன் செய். நீயாகத் துடைத்துத் தொலைக்காதே. 30ஆம் தேதி கடைசி.

டப்பா கிடைத்ததும் போன் பண்ணு, நடுராத்திரி ஆனாலும் சரி.

உன்,
ஒட்டகம்