காவலூரின் தெற்கு அடிவானம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காவலூர் வானாய்வகத்தைச் சுற்றிப் பெருகிவரும் வெளிச்சத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், ‘லடாக்கின் ஹான்லேயில்தான் நல்ல தொலைநோக்கி இருக்கிறதே, இதற்காக இங்கே தெருவிளக்குகளை ஏன் மாற்ற வேண்டும்?’ என்று படித்தவர்களே கேட்கிறார்கள். ஜவ்வாது மலையடிவாரத்தில் பல ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்கு விடை சொல்ல விரும்புகிறேன்.

1987 பிப்ரவரி 24 அன்று, ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள பெரிய மெகல்லன் மேகம் என்ற அண்டை விண்மீன் மண்டலத்தில் ஒரு சூப்பர்நோவா, அதாவது விண்மீன் வெடிப்பு, கண்டறியப்பட்டது. 1604-இல் கெப்ளர் ஆராய்ந்த வெடிப்புக்குப் பின், வெறுங்கண்ணால் தெளிவாகக் காண முடிந்த சூப்பர்நோவா அது ஒன்றுதான். அதன் ஒளி வந்து சேரச் சில மணி நேரம் முன்பே ஜப்பான், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய நாடுகளின் கருவிகளில் மொத்தம் இரண்டு டஜன் அளவுக்கு நியூட்ரினோக்கள் (எதையும் எளிதில் ஊடுருவிச் செல்லும் நுண்துகள்கள்) பதிவாகியிருந்தன. பெருவிண்மீனின் உட்கரு குலைந்து சரிவதால்தான் இத்தகைய வெடிப்பு நேர்கிறது என்ற கோட்பாட்டுக்கு அந்தச் சொற்ப எண்ணிக்கையே சான்றானது.

அந்தச் சூப்பர்நோவா, பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் செல்லும் வான நடுவரைக்குத் தெற்கே 69 பாகையில் இருந்தது. ஹான்லே அமைந்திருப்பது வடக்கு அட்சரேகை 32 பாகைக்கும் அப்பால். இன்னொரு பெரிய தொலைநோக்கி உள்ள உத்தராகண்டின் தேவஸ்தல் 29 பாகைக்கு அப்பால். அவ்விரு இடங்களிலும் அது அடிவானத்துக்கு மேலே எழவே எழாது. பன்னிரண்டரைப் பாகையிலுள்ள காவலூரில் எழும். ஆனால் அதிகபட்ச உயரம் எட்டுப் பாகை மட்டுமே, அதாவது கையை நீட்டி மடக்கிய முஷ்டியின் அகலத்துக்கும் குறைவு. தலைக்கு நேர் மேலே பார்ப்பதைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு காற்றை ஊடுருவிப் பார்க்க வேண்டிய அந்த உயரத்தில், இருட்டிய பின் கிடைத்த சிறு பொழுதில், காவலூரின் ஆய்வாளர்கள் அதன் நிறமாலைகளைப் பதிவு செய்தார்கள். ஊர் வெளிச்சம் முதலில் அழிப்பது அடிவானத்தையொட்டிய இந்தப் பட்டையைத்தான்.

வால்நட்சத்திரங்களுக்கும் இது பொருந்தும். அவை சூரியனை நெருங்கும்போதுதான் பிரகாசிக்கின்றன என்பதால், அந்தி மங்கும் நேரத்திலோ விடியலுக்கு முன்போ, தாழ்ந்த வானில்தான் பெரும்பாலும் தென்படுகின்றன. 1872 நவம்பர் இறுதியில், உடைந்து காணாமற்போன பீலா வால்நட்சத்திரத்தைத் தீட்டா சென்டாரி விண்மீனருகே தேடுமாறு ஜெர்மானிய வானியலாளர் கிளிங்கர்ஃபியூஸ் சென்னைக்குத் தந்தி அடித்தார். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் இருந்த போக்சன், டிசம்பர் 2, 3 தேதிகளில் மேகங்களின் இடைவெளியில் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டார். அதன் பின் மேகம் மூடியது. வேறெவரும் அதைப் பார்க்கவில்லை. அது பீலா அல்ல, வேறொன்று என்பதே இன்றைய முடிவு. உலகிலேயே அந்த ஒரு கூரையின் கீழிருந்து மட்டும் காணப்பட்ட வால்நட்சத்திரம் என்று அதை என் மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண், 1792-ஆம் ஆண்டையும் தமிழ் எழுத்துகளையும் தாங்கி, வானிலை மையத்தின் வளாகத்தில் இன்றும் நிற்கிறது. வானியல் பணி அங்கிருந்து 1899-இல் கொடைக்கானலுக்கு மாறியது. நல்ல இரவு வானம் வேண்டி வானியலாளர் வேணு பாப்பு தேடிக் கண்ட இடமே காவலூர். மாணவப் பருவத்தில், 1949-இல், தாமே ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர் அவர். இங்கிருந்தும் நகர வேண்டுமென்றால் தெற்கு வானம் தெரியும் இன்னொரு மலையைத் தேட வேண்டும். வடக்கே போவது அதற்கு ஈடாகாது.

கிராமங்கள் இருளில் கிடக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மலைப்பாதையில் இரவில் நடப்பவர்களுக்கு விளக்கு வேண்டும். ஆனால் ஒளி மேல்நோக்கிச் சிதறாதபடி மூடியிட்ட விளக்குகள், சாலைக்கு வெளிச்சத்தைக் கூடுதலாகவே தரும். நீலக்கூறு மிகுந்த வெண்ணிற எல்.இ.டி. விளக்குகளின் ஒளி காற்றில் அதிகம் சிதறுவதால், மஞ்சள் சாயலுள்ளவற்றைப் பொருத்தலாம். ஹான்லேயைச் சுற்றியுள்ள பகுதி 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, அங்குள்ள ஊர்கள் இத்தகைய ஏற்பாடுகளோடுதான் வாழ்கின்றன.

முழுப் பகுதிக்கும் ஒரே நாளில் இதைச் செய்ய இயலாதென்றால், காவலூருக்குத் தெற்கே உள்ள சரிவுகளிலிருந்து தொடங்கலாம். பெரிய மெகல்லன் மேகம் டிசம்பர் நடுவில் நள்ளிரவிலும், ஜனவரி நடுவில் இரவு பத்து மணியளவிலும் அங்கே உச்சத்தை எட்டுகிறது. அந்த இரு மாதங்களிலாவது, கடைகளின் விளம்பர விளக்குகளையும் காலி மைதானங்களின் உயர்கோபுர விளக்குகளையும் ஒன்பது மணிக்கு மேல் அணைத்துவைக்க மாவட்ட நிர்வாகம் உத்தரவிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
ஆலங்காயம், திருப்பத்தூர் மாவட்டம்.