எங்கள் தெருப் புகையை வேறு ஊர்க் கணக்கில் கழிக்க வேண்டாம்: நான்காவது மனு

அனுப்புநர்: ஆலைக்குக் கிழக்குத் தெருவில் குடியிருப்போர்
பெறுநர்: மாசுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்
பார்வை: எங்கள் முந்தைய மூன்று மனுக்கள் (பதில் வரவில்லை)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் நேரில் வந்து பார்த்த இடம்தான்; புகைபோக்கிக்கும் பள்ளிச் சுவருக்கும் நடுவே ஒரே ஒரு சாலை என்பது தாங்கள் அறிந்ததே.

1. ஆலை நிர்வாகம் வேறோர் ஊர் ஆலையிடம் குறைப்புச் சான்று (அங்கே குறைத்த மாசை இங்கே தன் கணக்கில் காட்டும் சீட்டு) வாங்கிவிட்டது, மொத்தக் கணக்கில் மாசு கூடவில்லை என்று கூட்டத்தில் கூறினீர்கள். கரியமில வாயுவுக்கு அது சரி. எங்கே கிளம்பினாலும் உலகெங்கும் கலந்துவிடும். செலவு குறைந்த இடத்தில் குறைத்துக்கொள்ளலாம். புகைத்தூளுக்கு அந்தக் கணக்கு செல்லாது. அது பக்கத்தில் இருப்பவர் நெஞ்சில்தான் அதிகம் இறங்குகிறது.

2. அங்கே குறைந்த ஒரு டன் வெட்டவெளியில் குறைந்தது. இங்கே நிற்கும் ஒரு டன் குடியிருப்புக்குள் நிற்கிறது. இரண்டும் சமமா?

3. இரவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காற்று எங்கள் பக்கம் திரும்பியதும் ஜன்னலை அடைத்து, இடுக்கில் ஈரத்துணி செருகுகிறோம். காலையில் எடுத்தால் இடுக்கில் இருந்த மடிப்பு மட்டும் கறுத்திருக்கிறது. என் மகளுக்கு ஏழு வயது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்குகிறாள். நெபுலைசர் சத்தம் கேட்காத இரவு இந்தத் தெருவில் இல்லை. வடிகட்டி போடாமல் ஆலைக்கு மிச்சமாகும் பணம் எங்கள் மருந்துச் சீட்டில் செலவாகிறது ஐயா. அந்தச் செலவு எந்தக் கணக்கில் ஏறுகிறது?

4. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 1990களில் எண்ணெய் நிறுவனங்கள் பழைய கார்களை வாங்கி நொறுக்கி, அந்தச் சான்றைக் காட்டித் தங்கள் துறைமுக முனையங்களில், கப்பலில் எண்ணெய் ஏற்றும்போது கிளம்பும் நச்சாவியைத் தடுத்துச் சேகரிக்கும் கருவி பொருத்தாமல் தப்பின. கார்ப் புகை ஊர் முழுக்கக் கொஞ்சம் குறைந்தது. நச்சாவி முனையத்தைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கே மிஞ்சியது. அதே தவறு இங்கேயும் நடக்கிறது.

5. எல்லா இடத்துக்கும் ஒரே விதி போடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆளில்லாத இடத்தில் அவ்வளவு செலவழிப்பது வீண்தான். எங்கே எத்தனை பேர் சுவாசிக்கிறார்கள், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து விதியுங்கள். குடியிருப்பை ஒட்டிய ஆலைக்கு வெளிச் சான்று செல்லாது என்று உத்தரவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராம் என்று வைத்தது ஒரு கன மீட்டர் காற்றுக்கு, மாவட்டத்தின் மொத்த டன்னுக்கு அல்ல. மூக்கு இருக்கும் இடத்தில் அளக்க வேண்டும்! பள்ளிச் சுவரில் ஓர் அளவுக் கருவி வைக்க எத்தனை மனு எழுத வேண்டும்?

6. வடிகட்டி. இந்தப் புகைபோக்கியில். வேறெங்கும் அல்ல.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். ஆனால் பதில் தாருங்கள். இந்தப் புகைபோக்கியிலேயே வடிகட்டி பொருத்த உத்தரவிடுமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கிழக்குத் தெருக் குடியிருப்போர்