கடைப் பெயருக்கு நடுவில் தேதி அச்சாகிறது: உங்கள் ஸ்பிரெட்ஷீட் மென்பொருள் பற்றி ஒரு புகார்

அனுப்புநர்: ஆண்டுச் சந்தா கட்டும் வாடிக்கையாளர், தாராவி, மும்பை 400017
பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: பிரிண்ட் எடுக்கும்போது ஹெடரும் ஃபூட்டரும் (ஒவ்வொரு பக்கத்தின் மேலும் கீழும் தானாக அச்சாகும் வரிகள்) கெட்டுப்போவது, முந்தைய புகாரைத் தீர்க்காமலே மூடியது

வணக்கம்.

போன முறை அனுப்பிய புகாரை 'தீர்க்கப்பட்டது' என்று போட்டு மூடிவிட்டீர்கள். ஒன்றும் தீரவில்லை. அதனால் இந்தத் தடவை விரிவாகவே எழுதுகிறேன். பிரிண்டர் டிரைவரை மாற்றிப் பாருங்கள் என்ற அந்தப் பதிலை மட்டும் மறுபடி அனுப்பாதீர்கள். பிடிஎஃப் ஆகச் சேமித்தாலும் இதே கோளாறுதான் வருகிறது, அதில் பிரிண்டர் எங்கே வந்தது?

நான் தாராவியில் சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். லெதர் பை தைப்பவர்கள், முறுக்கும் சேவும் போட்டுக் கடைகளுக்கு சப்ளை செய்பவர்கள், இப்படி. பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். இவர்களில் வங்கியில் சிசி லிமிட் (கேஷ் கிரெடிட் என்ற கடன் வரம்பு) வைத்திருப்பவர்கள் மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்க வேண்டும். கையிருப்புச் சரக்கு, வர வேண்டிய பாக்கி, சரக்கு வாங்கிய இடத்தில் கொடுக்க வேண்டியது, இதையெல்லாம் கூட்டிக் கழித்துத்தான் அந்த மாதம் எவ்வளவு பணம் எடுக்கலாம் என்று வங்கி முடிவு செய்யும். எங்கள் வங்கிக் கிளையில் ஒவ்வொரு பக்கத்திலும் கடைப் பெயர், எந்தத் தேதி நிலவரம், மொத்தத்தில் இது எத்தனையாவது பக்கம் என்பது இருந்தால்தான் வாங்குவார்கள், அதற்குக் கீழே சீலும் கையெழுத்தும். கட்டிலிருந்து ஒரு தாள் பிரிந்து போனாலும் அது யாருடையது என்று தெரிய வேண்டுமல்லவா, அதுதான் காரணம். ஹெடரும் ஃபூட்டரும் இருப்பதே இதற்காகத்தான். உங்கள் ஆட்கள் பேசுவதைக் கேட்டால் ஏதோ தாளுக்குப் பார்டர் போடுகிற விஷயம் போல இருக்கிறது.

இப்போது கோளாறுக்கு வருகிறேன். என் வாடிக்கையாளர் ஒருவரின் கடைப் பெயர் இரண்டு ஆங்கில எழுத்துகள், நடுவில் & குறி. இரண்டாவது எழுத்து டி. உங்கள் மென்பொருளில் & குறியை அடுத்து டி வந்தால் 'இன்றைய தேதி' என்று அர்த்தம். ஆகவே கடைப் பெயரின் முதல் எழுத்து அச்சாகிறது, அதை ஒட்டிக்கொண்டு தேதி, அப்புறம் 'டிரேடர்ஸ்'. "என்ன தம்பி, கடைப் பேரையே மாத்திட்டீங்களா?" என்று அண்ணாச்சி சிரித்தார். வங்கியில் யாரும் சிரிக்கவில்லை.

இந்தக் குறிமுறை நீங்கள் கண்டுபிடித்தது இல்லை என்று எனக்கும் தெரியும். எக்செலிலும் இதேதான், அங்கேயும் & அச்சாக வேண்டுமென்றால் அதை இரண்டு முறை அடிக்க வேண்டும். ஆனால் அவர்கள் அதை உதவிப் பக்கத்தில் உதாரணத்தோடு எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் உதவிப் பக்கத்தில் ஹெடருக்கு வண்ணம் கொடுப்பது எப்படி என்று இருக்கிறது, இது இல்லை. சரி, நானே இரண்டு & போட்டுப் பார்த்தேன். பெயர் சரியாக வந்தது. ஃபைலைச் சேமித்து மூடி, மறுபடி திறந்து, ஹெடர் பெட்டியை ஒரு தடவை திறந்து ஓகே கொடுத்தால் இரண்டு & ஒன்றாகிவிடுகிறது, மறுபடியும் தேதி. அதாவது சேமிக்கும்போது ஒரு & குறியை நீங்களே எடுத்துவிடுகிறீர்கள், திறக்கும்போது அதைத் திருப்பிப் போடுவதில்லை. பக்க எண்ணை மாற்றுவதற்காக அந்தப் பெட்டிக்குள் போனாலும் பெயர் போய்விடும். உங்கள் டெவலப்பரிடம் இந்த ஒரு பத்தியைக் காட்டினாலே போதும், அவருக்குப் புரியும்.

அந்தத் தேதியாவது ஒழுங்காக வருகிறதா என்றால் அதுவும் இல்லை. என் கம்ப்யூட்டரில் இந்திய முறைப்படி நாள், மாதம், ஆண்டு என்றுதான் அமைத்திருக்கிறேன், செல்களிலும், அதாவது ஷீட்டின் கட்டங்களிலும், அப்படியே வருகிறது. ஹெடரில் மட்டும் அமெரிக்க முறையில் மாதம் முன்னால் வருகிறது. மார்ச் 31 நிலவரத்தை ஏப்ரல் 8-ஆம் தேதி அச்சடித்தேன், தாளில் 4/8 என்று விழுந்தது. வங்கி அதிகாரி அதை ஆகஸ்ட் 4 என்று படித்தார், அவர் படித்ததில் என்ன தப்பு? இன்னும் வராத தேதியைப் போட்ட ஸ்டேட்மென்டை வாங்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். புது ஸ்டேட்மென்ட் ஏறும் வரை அண்ணாச்சியால் பணம் எடுக்க முடியவில்லை, அந்த வாரம் தோல் வாங்க வெளியில் வட்டிக்குக் கேட்டார்.

அடிப்படையில் இன்னொன்றும் இருக்கிறது. ஹெடரில் வரும் தேதி, அச்சடிக்கிற நாளின் தேதி. எனக்கு வேண்டியது நிலவரத் தேதி, அது ஷீட்டில் ஒரு செல்லில் இருக்கிறது. அந்த செல்லை ஹெடருக்குள் கொண்டுவர வழியே இல்லை, ஒவ்வொரு மாதமும் கையால் மாற்ற வேண்டும். பழைய கணக்கு ஒன்றை ஆடிட்டர் கேட்டு மறுபடி பிரிண்ட் எடுத்தால் தேதி மாறிவிடும், முன்னால் கொடுத்த நகலோடு ஒத்துப்போகாது. எக்செலிலும் மேக்ரோ என்ற சின்ன நிரல் எழுதாமல் இது நடக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டாஸ் காலத்து ஸ்பிரெட்ஷீட் மென்பொருளான லோட்டஸ் 1-2-3-இன் பிந்தைய பதிப்புகளில் ஹெடரில் பின்சாய்வுக் கோடு ஒன்றைப் போட்டு செல் முகவரியை எழுதினால் அந்த செல்லில் இருப்பது அப்படியே அச்சாகும். அந்தக் காலத்து மெஷினில் முடிந்தது, ஒவ்வொரு வருஷமும் சந்தாவை ஏற்றுகிற உங்களால் முடியாதா?

இதற்கு உங்கள் சேவைப் பெண்மணி ஒரு மாற்றுவழி சொன்னார், பாவம், அவருக்குக் கொடுத்த தாளில் இருந்ததைச் சொன்னார். கடைப் பெயரையும் தேதியையும் ஷீட்டின் முதல் இரண்டு வரிசைகளில் எழுதிவிட்டு, அந்த வரிசைகள் எல்லாப் பக்கங்களிலும் திரும்ப வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள் என்றார். அது 'சரக்கு, அளவு, விலை' என்ற நெடுவரிசைப் பெயர்களுக்கான வசதி, ஹெடர் வேறு. சரி, பெயரும் தேதியும் அப்படி வந்துவிடும், பக்க எண்? 'இது 3-ஆம் பக்கம், மொத்தம் 14' என்பதை செல்லில் எழுதவே முடியாதே. அதற்கு மறுபடி ஃபூட்டருக்குத்தான் போக வேண்டும்.

ஃபூட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. போன அப்டேட்டுக்குப் பிறகு புதிதாக ஃபைல் திறந்தால் ஃபூட்டரின் இடது மூலையில் ஃபைலின் முழுப் பாதையும் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. யார் கேட்டார்கள்? நான் பல பேருடைய கணக்கை ஒரே கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறேன், ஃபோல்டர்களுக்கு என் வசதிக்கு ஏற்றாற்போல் பெயர் வைத்திருக்கிறேன். அதில் ஒன்று 'இழுத்தடிப்பவர்கள்'. என் ஃபீஸை இழுத்தடிக்கிற ஒருவருக்கு அனுப்பிய கணக்கின் எல்லாப் பக்கங்களிலும் கீழே அந்தப் பெயரோடு பாதை அச்சாகிப் போயிருக்கிறது. அவர் ஃபீஸை உடனே கொடுத்துவிட்டார், அது வேறு விஷயம். கணக்கையும் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். ஷீட்டில் வேலை செய்யும்போது ஹெடரும் ஃபூட்டரும் கண்ணிலேயே படுவதில்லை, பிரிண்ட் பிரிவியூவில்தான் தெரியும், அங்கேயும் நீங்கள் காட்டுகிற எழுத்து எறும்பு ஊர்கிற அளவில்தான் இருக்கிறது. யாரும் கேட்காத ஒன்றை அங்கே போடுவது நியாயமே இல்லை.

தமிழிலும் ஒரு சிக்கல். வேலையாட்களுக்குக் கொடுக்கிற கூலிப் பட்டியலைத் தமிழில்தான் போடுகிறேன். செல்லில் 'கொள்முதல்', 'தொகை' எல்லாம் ஒழுங்காக அச்சாகின்றன. அதே எழுத்துரு, அதே சொல், ஹெடரில் போட்டால் எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கிறது, பக்கத்தில் புள்ளிப்புள்ளியாக ஒரு வட்டம். செல்லை வரைகிற வழி ஒன்று, ஹெடரை வரைகிற வழி வேறு என்று நினைக்கிறேன், இரண்டாவதில் இந்திய எழுத்துகளைச் சேர்த்து வரைகிற வேலை விட்டுப்போயிருக்க வேண்டும். அப்படியானால் தமிழுக்கு மட்டும் இந்தக் கதி இருக்காது. மராத்தியில் பிரிண்ட் எடுத்த பக்கத்துக் கடைக்காரருக்கும் இகரக் குறி இடம் மாறித்தான் வந்தது.

மார்ஜின் பற்றிச் சுருக்கமாக: எக்செலில் சாதாரண அமைப்பில் மேல் மார்ஜின் 0.75 அங்குலம், ஹெடர் தாளின் விளிம்பிலிருந்து 0.3 அங்குலத்தில் தொடங்கும், இடையில் இருப்பதுதான் ஹெடருக்கான இடம். உங்களுடையதில் ஹெடர் மூன்று வரி ஆனால் முதல் வரிசைச் செல்களின் மேலேயே ஏறி அச்சாகிறது, ஒரு எச்சரிக்கை கூட இல்லை. அப்புறம் ஏ4 தாளைத் தேர்ந்தெடுத்து வைத்தாலும் புது ஷீட் சேர்த்தால் அது அமெரிக்க லெட்டர் அளவுக்கே போய்விடுகிறது. இந்த ஊரில் லெட்டர் தாளை நான் எந்த ஸ்டேஷனரி கடையிலும் பார்த்ததில்லை.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். & குறி சேமித்துத் திறந்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும், ஹெடர் தேதி கம்ப்யூட்டரின் தேதி முறையில் வர வேண்டும், ஃபைல் பாதை நான் கேட்டால் மட்டும் வர வேண்டும். இந்த மூன்றும் அடுத்த மாத ஸ்டேட்மென்டுக்கு முன் சரியாக வேண்டும், முடியாது என்றால் முடியாது என்று எழுத்தில் சொல்லிவிட்டு மீதி மாதங்களுக்கான சந்தாவைத் திருப்பிக் கொடுங்கள். தமிழ் எழுத்தும் செல்லை ஹெடரில் சேர்ப்பதும் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்று தெரியும், எந்தப் பதிப்பில் வரும் என்று சொன்னால் போதும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று யாராவது சொல்லத் தொடங்கினால், சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியவருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் உண்டு என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

மாதிரி ஃபைல் ஒன்றும் அதிலிருந்து எடுத்த பிடிஎஃப் இரண்டும் இணைத்திருக்கிறேன், ஒன்று சேமிப்பதற்கு முன், ஒன்று மறுபடி திறந்த பிறகு. தொகைகளை மாற்றிவிட்டேன், ஹெடரை மாற்றவில்லை. புகாரை மூடுவதற்கு முன் அந்த ஃபைலை உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு தடவை திறந்து பிரிண்ட் எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்
90 அடி சாலை, தாராவி