ஹெல்த் பாலிசி விஷயமாக அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்துக்கும் மாப்பிள்ளை சுகத்துக்கும் எழுதவும்.

"நீங்க எடுத்துக் கொடுத்த பாலிசி ஒண்ணுத்துக்கும் ஆகலப்பா" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டாய். அதோடு சரி. கூப்பிட்டால் மீட்டிங்கில் இருப்பதாக மெசேஜ் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்ன மீட்டிங் என்று அம்மா கேட்கிறாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் அப்படித்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தில் பாலிசியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வேறு எதையும் கேட்கப் போவதில்லை, பயப்படாமல் படி.

நீ அனுப்பிய பேப்பர்களைத் தெருமுனைக் கடையில் கொடுத்து பிரிண்ட் எடுக்க மனசு வரவில்லை. போனிலேயே பெரிசு பண்ணிப் பண்ணிப் படித்தேன். குழந்தைக்கான சிகிச்சைக்கும் ஆபரேஷனுக்கும் நீ கேட்ட பணத்தை மறுத்து இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய கடிதத்தின் நடை எனக்கு மனப்பாடம். முப்பத்தைந்து வருஷம் இன்சூரன்ஸ் ஆபீஸில் உட்கார்ந்தவன் நான். 1986-இல் மெடிகிளைம் என்ற ஆஸ்பத்திரிச் செலவுப் பாலிசி வந்தபோது அதைப் படித்து ஊருக்கே விளக்கியவன். எக்ஸ்க்ளூஷன் 17, அதாவது விலக்கு நம்பர் 17 என்று போட்டிருக்கிறார்களே, அது உன் கம்பெனி தன் இஷ்டத்துக்கு எழுதியதில்லை. குழந்தையின்மைக்கான செலவு என்றால் ஐயூஐ, ஐவிஎஃப் என்கிற சோதனைக்குழாய் முறை, இக்ஸி என எந்தச் சிகிச்சையானாலும் கிடையாது என்று, இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஐஆர்டிஏஐ வகுத்துக் கொடுத்த வாசகம். விலக்கு வைக்கிற கம்பெனி எல்லாம் அதே நம்பரில், அதே வாசகத்தில்தான் வைத்திருக்கின்றன. ஆகவே பாலிசி எடுத்துக் கொடுத்த அப்பாவைத் திட்டிப் பிரயோஜனமில்லை. வேறு கம்பெனியில் எடுத்திருந்தாலும் அன்றைக்கு இதேதான்.

விலக்குவதற்கு அவர்கள் சொல்லும் காரணமும் எனக்குத் தெரியும். தேவைப்படுகிறவர்கள் மட்டும் வந்து பாலிசி எடுப்பார்களாம், கம்பெனிக்குக் கட்டுப்படியாகாதாம். கண்புரை ஆபரேஷனுக்கும் மூட்டு மாற்றுவதற்கும் தேவைப்படுகிறவர்கள்தானே வருகிறார்கள்? அதற்கு இரண்டு வருஷம் காத்திரு என்று சொல்லிவிட்டுக் கொடுக்கிறார்களா இல்லையா? மத்திய அரசு ஊழியராக இருந்தால் சிஜிஹெச்எஸ் என்ற அவர்களுடைய மருத்துவத் திட்டத்தில் ஐவிஎஃப் ஒரு சுற்றுக்கு 65,000 ரூபாய் வரை, மூன்று சுற்றுக்குத் தருவதாக 2011-லேயே உத்தரவு போட்டாயிற்று. அரசாங்கம் தன் ஊழியருக்கு வியாதி என்று ஒத்துக்கொண்டது, மற்றவர்களுக்கு மட்டும் சொந்த விருப்பமாகிவிட்டது. இப்போது சில கம்பெனிகள் பிரசவச் செலவோடு இதையும் ஒரு சின்னத் தொகைக்குச் சேர்த்து விற்கின்றன. அதற்கும் இரண்டு, மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். முப்பத்து நாலு வயசுப் பெண்ணிடம் காத்திரு என்று சொல்ல அவர்களுக்குச் சுலபம்.

சரி, அதை விடு. ஐவிஎஃப் பணத்துக்காக அவர்களோடு மல்லுக்கட்டாதே. ராத்திரி ஒரு மணிக்கு மெயில் மேல் மெயில் போட்டிருக்கிறாய், நேரத்தைப் பார்த்தேன். கிடைக்காத காசு அது. ஆனால் ஜனவரியில் வயிற்றில் துளை போட்டுச் செய்த லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் வேறு விஷயம். அது கிடைக்க வேண்டிய காசு.

நீ எங்கே கோட்டை விட்டாய் தெரியுமா? ஆபரேஷனுக்கு அப்புறம் அறுபது நாள் செலவு கேட்கலாம் என்றதும், ஹார்மோன் ஊசி பில்லையெல்லாம் அதில் சேர்த்துவிட்டாய். (கூட்டலும் தப்பு. ஒரு ஸ்கேன் பில்லை இரண்டு தடவை கூட்டியிருக்கிறாய். பி.காம் முதல் வகுப்பு!) டிஸ்சார்ஜ் சம்மரியில் முதல் வரியே 'பிரைமரி இன்ஃபெர்டிலிட்டி', குழந்தையின்மை என்று. கிளெய்ம் டேபிளில் உட்கார்ந்திருப்பவன் அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் படிக்க மாட்டான். அதே சம்மரியில் கீழே பார், இரண்டு சினைப்பையிலும் சாக்லேட் சிஸ்ட் என்கிற ரத்தக் கட்டி, ஒன்று ஆறு சென்டிமீட்டர். அது தனி வியாதி. குழந்தை வேண்டாம் என்கிறவளுக்கும் அதை எடுக்க வேண்டி வரும். டாக்டரிடம் போய், கட்டிக்காகவும் வலிக்காகவும்தான் ஆபரேஷன் என்று லெட்டர்ஹெட்டில் ஒரு சர்டிபிகேட் வாங்கு. இல்லாததை எழுதச் சொல்லாதே, இருந்ததை எழுதச் சொல். பத்தாம் வகுப்பில் மாசா மாசம் சுருண்டு படுப்பாயே, அந்த வலிக்கு ஒரு பேப்பராவது கிடைக்கட்டும். பழைய வியாதியை மறைத்தாய் என்று கிளப்புவார்களோ என்ற பயமும் வேண்டாம். பாலிசி விடாமல் அறுபது மாதம் ஓடிவிட்டால் மோசடி என்று நிரூபித்தாலொழிய அதைக் கிளப்ப முடியாது. உனக்கு ஆறு வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்கு முன்னாலேயே எதற்கு இதெல்லாம் என்று அம்மா கேட்டபோது பிடிவாதமாக எடுத்துக் கொடுத்தவன் யார்?

ஊசி பில்லை எல்லாம் விலக்கிவிட்டு ஆபரேஷனுக்கு மட்டும் புதிதாகக் கடிதம் எழுது. கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு முதலில். ஒரு மாதம் பார். மறுத்தாலோ, பதிலே வராவிட்டாலோ தேனாம்பேட்டையில் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேன் ஆபீஸ் இருக்கிறது. ஃபீஸ் கிடையாது, வக்கீல் கூடாது. மறுப்புக் கடிதம் வந்து ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும். ஹியரிங் அன்றைக்கு நான் நெல்லை எக்ஸ்பிரஸ்ஸில் வந்துவிடுவேன். பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அசல் எதையும் கையை விட்டுக் கொடுக்காதே, ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு கொடு.

அந்தப் பேப்பர்களோடு மாப்பிள்ளையின் ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. நீ கவனித்திருக்க மாட்டாய். நான் பார்க்காததாகவே இருக்கட்டும், அவருக்கும் தெரிய வேண்டாம். அம்மாவிடமும் சொல்லவில்லை.

ஆனால் திருச்செந்தூரில் காதுகுத்து அன்றைக்குப் பந்தியில் உன் மாமியார், "எங்க வழியில அப்படி யாருக்கும் இல்லையே" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார்களே, நீ இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாய். ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று எனக்கு அன்று ஒரே கோபம். இப்போது புரிகிறது. புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறாய். அந்தக் குணம் எங்களிடமிருந்து வந்ததில்லை, ஆச்சியிடமிருந்து வந்தது. அதற்காக எங்களிடமும் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? 'விசேஷம் உண்டா' என்று கேட்கிற கூட்டத்தோடு எங்களையும் சேர்த்துவிட்டாயா? உன் வயிற்றில் நீயே ஊசி போட்டுக்கொள்கிறாய் என்பதே அம்மாவுக்கு உன் சிநேகிதி சொல்லித்தான் தெரிந்தது. தடுப்பூசிக்கு ஸ்கூல் மதில் ஏறிக் குதித்த பெண் நீ.

பணத்தைப் பற்றிக் கேட்க மாட்டேன் என்று சொல்லவில்லை, மற்றதைத்தான் கேட்க மாட்டேன் என்றேன். 'பேக்கேஜ்' என்று ஒரு தொகை சொல்லி ஊசி தனி, மயக்க மருந்து தனி, கருவை உறைய வைத்துப் பாதுகாக்க வருஷா வருஷம் தனி என்று வாங்குவதெல்லாம் பில்லில் தெரிகிறது. அடுத்த சுற்றுக்குமுன் எது உள்ளே, எது வெளியே என்று எழுதி வாங்கு. கையெழுத்துப் போடுமுன் படி. எழும்பூர் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியிலும் இந்தச் சிகிச்சைக்கு மையம் வந்திருக்கிறது, ஒருதரம் போய் விசாரித்து வைப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. அடுத்த சுற்று வேண்டும், வேண்டாம் என்பது உங்கள் இருவர் முடிவு. வேண்டாம் என்றாலும் எனக்குச் சம்மதமே.

காதுகுத்துக்கு நீ ஆச்சியின் ரெட்டைவடச் சங்கிலி இல்லாமல் வந்தாய். மஞ்சள் கயிறும் ஒரு மெல்லிசுச் செயினும்தான். லாக்கரில் இருக்கும் என்று அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். லாக்கரில் இல்லை என்று எனக்குத் தெரியும். பேங்கில் வைத்திருந்தால் கொஞ்சம் நிம்மதி. வெளியில் என்றால் வட்டி ஏறிக்கொண்டே போகும், தவணை தவறினால் ஏல நோட்டீஸ் வரும். அடகுச் சீட்டை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. என் பெயரில் போட்டிருக்கும் எஃப்டி பங்குனியில் முதிர்கிறது. அதுவரை வட்டியை நான் கட்டுகிறேன், அப்புறம் மீட்டுவிடலாம். கடன் என்று வைத்துக்கொள், வேண்டுமானால் புரோநோட்டு எழுதிக் கொடு. போன் பண்ண வேண்டாம், சீட்டை மட்டும் அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது. ரென்யூவல் நோட்டீஸில் அந்தப் பதினெட்டு சதவீதம் இருக்கிறதா என்று பார். கோபத்தில் பாலிசியை லாப்ஸ் ஆக விட்டுவிடாதே. ஜெராக்ஸ் இரண்டு செட் எடு.