அலமாரிக்கு மேல் போன கிட்டார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இசை வகுப்பை மூன்றே மாதத்தில் விட்டுவிடும் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று சென்ற ஞாயிறு பதிப்பில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். என் பேத்தியையும் அப்படித்தான் சொன்னார்கள். ஏழு வயது. பள்ளி விடுமுறையில் மகள் 150 வெள்ளிக்கு அரை அளவு கிட்டார் வாங்கிக் கொடுத்தாள். ஒரே மாதத்தில் அது அலமாரிக்கு மேல் போய்விட்டது. "விரல் வலிக்குது தாத்தா" என்றாள்.

நான் பட்டர்வொர்த்தில் முப்பது வருடம் தையல் மெஷின் பழுது பார்த்தவன். இசை தெரியாது, ஊசி அரம் பிடிக்கத் தெரியும். எடுத்துப் பார்த்தேன். கழுத்தின் தலைமாட்டில் கம்பிகள் அமரும் வெள்ளைக் கட்டையை நட் என்கிறார்கள். அதில் காடிகளை ஆழமாக வெட்டவே இல்லை. கழுத்தில் குறுக்கே வரிசையாகப் பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட். மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்தால், முதல் ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். இங்கே கல்யாணப் பத்திரிகையே தாராளமாக நுழைந்தது! அவ்வளவு உயரத்திலிருந்து அழுத்தினால் பெரியவர்களுக்கே வலிக்கும். சுருதியும் ஏறிவிடும். வெறும் கம்பியைத் தட்டும்போது, சுருதி காட்டும் டியூனர் சரி என்கிறது. முதல் ஃப்ரெட்டில் விரல் வைத்ததும் முள் வலப்பக்கம் ஓடுகிறது. பிள்ளை என்ன செய்யும்?

நாலு தேய்ப்பு, ஒரு பார்வை என்று ஆறு காடிகளையும் இறக்கினேன். கொஞ்சம் அதிகமானாலும் கம்பி ஃப்ரெட்டில் பட்டு இரையும், அப்புறம் புது நட்தான். மறுமுனையில் கம்பிகளைக் கட்டும் கட்டை பிரிட்ஜ். அதில் கம்பிகளைத் தாங்கும் மெல்லிய பட்டையான சேடிலை உருவி, அடிப்பக்கத்தை மணல் தாளில் 1 மில்லிமீட்டர் தேய்த்தேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி அதில் பாதிதான் இறங்கும்.

கழுத்து குட்டை என்பதால் வழக்கமான சுருதியில் நைலான் கம்பிகள் தொளதொளவென்று கிடந்தன. இன்னும் விறைப்பாக நிற்கும் ஹார்ட் டென்ஷன் நைலான் கம்பி மாற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர் இரும்புக் கம்பி போடச் சொன்னார். போட்டிருந்தால் பிரிட்ஜே பெயர்ந்து வந்திருக்கும். புது நைலான் நாலைந்து நாள் இழுபடும். காலையில் சுருதி சேர்த்தால் மாலையில் இறங்கியிருக்கும், அதற்காகக் கிட்டாரைத் திட்டவேண்டாம். சுருதி தாண்டிப் போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு, மறுபடி ஏற்றி நிறுத்தவேண்டும். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் பல்சக்கரத் தளர்வில் நழுவிவிடும். தையல் மெஷினிலும் இதே கதைதான்.

கம்பிக்கு 25 வெள்ளி, அவ்வளவுதான் செலவு. கடைக்காரர்களே இந்த வேலையைச் செய்து கொடுத்து, கூலி 20 வெள்ளி சேர்த்து வாங்கினாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

நேற்று இரவு பத்து மணி வரை வாசித்தாள் என்று கீழ்வீட்டிலிருந்து புகார் வந்தது.

ஒரு தாத்தா,
பட்டர்வொர்த், பினாங்கு