அந்த ‘மற்றொரு நடிகர்’ தகாஷி ஷிமுரா

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஜப்பானிய சினிமா பற்றிய கட்டுரையைப் படித்தேன். டோஷிரோ மிஃபுனேயைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் ‘செவன் சாமுராய்’ படத்தின் புகைப்படத்துக்குக் கீழே ‘மிஃபுனேயும் மற்றொரு நடிகரும்’ என்று போட்டிருந்தீர்கள். மொட்டைத் தலையோடு நிற்கும் அந்த மற்றொருவர் தகாஷி ஷிமுரா. கதைப்படி அந்த ஏழு போர்வீரர்களுக்கும் தலைவரே அவர்தான்!

அந்தப் படத்தை எடுத்த அகிரா குரோசாவா இயக்கிய 30 படங்களில் மிஃபுனே நடித்தவை 16. ஷிமுரா நடித்தவை 21. 1943-இல் வந்த முதல் படத்திலும் இருந்தார், 1980-இல் வந்த ‘காகேமுஷா’விலும் இருந்தார். 1982-இல் காலமாகிவிட்டார். ‘ட்ரங்கன் ஏஞ்சல்’ படத்தில் காசநோய் பிடித்த ரவுடி மிஃபுனே என்றால், திட்டிக்கொண்டே வைத்தியம் பார்க்கும் குடிகார டாக்டர் இவர். ‘ஸ்ட்ரே டாக்’கில் துப்பாக்கியைப் பறிகொடுத்துத் தவிக்கும் இளம் போலீஸ்காரர் மிஃபுனே, கூடவே நடந்து நிதானம் கற்றுத்தரும் மூத்தவர் இவர். மிஃபுனேயின் துள்ளல் அவ்வளவு எடுபட்டதற்கு, பக்கத்தில் இவர் அசையாமல் நின்றதும் ஒரு காரணம் என்பேன்.

ஆனால் நான் பேனாவை எடுத்தது ‘இகிரு’வுக்காக. 1952-இல் வந்தது, மிஃபுனே இல்லாத படம். நகராட்சியில் ஏறக்குறைய 30 வருடம் முத்திரை குத்தியே காலம் தள்ளிய அதிகாரி, வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தபின் ஒரு பூங்கா கட்ட அலைகிறார். சாகப்போகும் அந்தக் கிழவராக நடித்தபோது ஷிமுராவுக்கு வயது 47தான். கூன் விழுந்த முதுகு, தொண்டையிலேயே சிக்கிக்கொள்ளும் குரல், இமைக்க மறந்த கண்கள்.

ஆரம்பத்தில் ஒரு காட்சி. மேஜை இழுப்பறையில் பழைய கட்டு ஒன்று கிடக்கும். அலுவலக வேலையைச் சீராக்க அவரே எப்போதோ எழுதிய யோசனைகள். அதில் ஒரு தாளைக் கிழித்து முத்திரையைத் துடைப்பார். முகத்தில் வருத்தம்கூட இருக்காது. நானும் 34 வருடம் கோப்புகளோடு கிடந்தவன், வேலைக்குச் சேர்ந்த புதிதில் 11 பக்கத்துக்கு யோசனை எழுதிக் கொடுத்தவன். அது எந்த மேஜையைத் துடைத்ததோ! முதல்முறை அந்தக் காட்சியைப் பார்த்தபோது படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் 1954. ஏப்ரலில் ‘செவன் சாமுராய்’, நவம்பரில் முதல் ‘காட்ஸில்லா’. ஒன்றில் யோசனை வந்தால் மொட்டைத் தலையைத் தடவிக்கொள்ளும் போர்வீரர். இன்னொன்றில் அந்த ராட்சத விலங்கைக் கொல்லாதீர்கள், ஆராயுங்கள் என்று மன்றாடும் விஞ்ஞானி. இரண்டிலும் ஒரே ஆள்தான் என்பதை என் பேரன் இன்னும் நம்பவில்லை.

தனிக் கட்டுரை வேண்டும் என்றெல்லாம் கேட்கவில்லை. அடுத்த இணைப்பில் அந்தப் படக்குறிப்பை மட்டும் திருத்திவிடுங்கள். ஷிமுரா, மூன்றே எழுத்துதான், இடத்தை அடைக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர்