பன்னிரண்டு எழுத்தைத் தாளின் முகப்பில் அச்சிடுங்கள்: செபிக்கும் ஆம்ஃபிக்கும் ஒரு திறந்த மடல்

பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் வாரியமான செபியின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். வங்கியொன்றில் முப்பது ஆண்டுகள் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, கும்பகோணத்தில் வசித்து வருகிறேன். பணம் தொடர்பான காகிதம் எது வந்தாலும் எங்கள் தெருவில் அது ஒருமுறை என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டுத்தான் போகும்.

சென்ற ஐப்பசியில் அண்டை வீட்டு அம்மையார் ஒருவர், காலமான தம் கணவரின் மியூச்சுவல் ஃபண்ட் தாள்களை ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்து வைத்தார். கணவர் மூன்று ஃபண்டுகளில் பணம் போட்டிருந்தார் என்பது அவருடைய நம்பிக்கை. 2016ஆம் ஆண்டுத் தாளில் ஒரு பெயர், 2019ஆம் ஆண்டுத் தாளில் வேறொரு பெயர், 2022ஆம் ஆண்டுத் தாளில் மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். முதல் இரண்டு பெயர்களை நிறுவனத்தின் கிளையில் சொன்னபோது, கணினியில் தட்டிப் பார்த்த இளைஞர், "அப்படி ஒரு ஸ்கீமே எங்ககிட்ட இல்லைம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மூன்று தாளிலும் ஃபோலியோ எண், அதாவது நிறுவனத்திடம் முதலீட்டாளருக்கு உள்ள கணக்கு எண், ஒன்றுதான். ஆனால் ஒரே ஃபோலியோவில் பல ஸ்கீம்கள் இருக்கலாம் என்பதால், அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. ஒவ்வொரு முதலீட்டுக்கும் தனித்தனியே தரப்படும் ஐஎஸ்ஐஎன் என்னும் பன்னிரண்டு எழுத்துக் குறியீடு மூன்றாவது தாளில் மட்டும், அதுவும் கண்ணாடி போட்டாலும் கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய அளவில் இருந்தது. ஒவ்வொரு தாளின் இறுதி இருப்பும் அடுத்த தாளின் தொடக்க இருப்பும் யூனிட் கணக்கில் மூன்று தசம இலக்கம் வரை ஒத்துப்போனதைக் கண்ட பிறகே, மூன்றும் ஒரே முதலீடு என்று உறுதி செய்ய முடிந்தது. இதற்கு மூன்று வாரம் ஆயிற்று. முதல் தாளிலேயே அந்தப் பன்னிரண்டு எழுத்து இருந்திருந்தால் மூன்று நிமிடம் போதும்.

இந்தப் பெயர் மாற்றங்கள் பலவற்றுக்கும் காரணம் செபியின் நல்ல முடிவுகள்தாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2017 அக்டோபர் 6ஆம் நாள் சுற்றறிக்கையால் ஸ்கீம்கள் வகை பிரிக்கப்பட்டன. பெரும்பாலான வகைகளில் ஒரு நிறுவனத்துக்கு ஒரு ஸ்கீம் என்று ஆனதால் அடுத்த ஆண்டில் பல ஸ்கீம்கள் இணைக்கப்பட்டன, பெயர் மாற்றப்பட்டன. 2021 ஏப்ரல் 1 முதல் 'டிவிடெண்ட்' என்ற சொல் போய் 'ஐடிசிடபிள்யூ' (வருமானப் பகிர்வும் முதலைத் திரும்பப் பெறுதலும்) வந்தது. நம் முதலையே நமக்குத் திருப்பித் தருவதை லாப ஈவு என்று எண்ணி ஏமாந்தவர்களுக்கு அது தேவையான திருத்தம்தான், வாயில் நுழையாத சுருக்கம் என்றாலும். என் குறையெல்லாம், பெயரை இத்தனை முறை மாற்ற அனுமதித்தவர்கள், பெயரைச் சாராத அடையாளத்தை முதலீட்டாளரின் கண்ணில் படும்படி வைக்கவில்லையே என்பதுதான்.

ஐஎஸ்ஐஎன் உலகம் முழுவதற்கும் பொதுவான ஏற்பாடு. முதல் இரண்டு எழுத்து நாட்டைக் குறிக்கும். நமக்கு ஐ, என். மூன்றாவது எழுத்து ஈ என்றால் நிறுவனம், எஃப் என்றால் மியூச்சுவல் ஃபண்ட். கடைசியில் வரும் ஒற்றை இலக்கம், மற்ற பதினொன்றும் சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் சோதனை இலக்கம்.

அதன் பயனுக்கு ஓர் உதாரணம் காட்டுகிறேன். பராக் பாரிக் ஃப்ளெக்ஸி கேப் ஃபண்ட் 2013இல் 'லாங் டேர்ம் வேல்யூ' என்ற பெயரில் தொடங்கி, 'லாங் டேர்ம் ஈக்விட்டி' ஆகி, 2021இல் இன்றைய பெயருக்கு வந்தது. அதன் டைரக்ட் குரோத் பிரிவின் (முகவர் இல்லாமல் வாங்கி, லாபத்தை ஃபண்டிலேயே வளரவிடும் பிரிவு) ஐஎஸ்ஐஎன்: ஐஎன்எஃப்879ஓ01027. ரெகுலர் குரோத் பிரிவுக்கு ஐஎன்எஃப்879ஓ01019. கடைசி இரண்டு இலக்கம்தான் வேறு. ஆனால் முகவருக்கான கமிஷன் ரெகுலரில் உண்டு, டைரக்டில் இல்லை. இவ்விரு பிரிவுக்கும் ஆம்ஃபி தரும் எண்களோ 122639, 122640 என்று அடுத்தடுத்து நிற்கின்றன. கையால் எழுதும்போது எண்ணில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ பணம் வேறு பிரிவுக்குப் போய்விடக்கூடும். ஆம்ஃபி எண்ணில் அதைப் பிடிக்கச் சோதனை இலக்கமும் இல்லை.

மேலே சொன்ன ஐஎஸ்ஐஎன்னில் ஏழாவதாக வருவது ஆங்கில எழுத்து ஓ. எட்டாவதாக வருவது சுழியம். அச்சில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். ஓ இருக்க வேண்டிய இடத்தில் சுழியத்தைப் போட்டுக் கணக்கிட்டுப் பார்த்தேன்: சோதனை இலக்கம் 7க்குப் பதிலாக 4 என்று வருகிறது. ஆகவே பிழையைக் கண்டுபிடிக்கும் வழி குறியீட்டுக்குள்ளேயே இருக்கிறது. விண்ணப்பத்தில் அதை எழுதுவதற்கு ஒரு கட்டம் இருந்தால்தானே அந்த வழி பயன்படும்?

ஆம்ஃபி நாள்தோறும் வெளியிடும் என்ஏவி (ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பு) கோப்பு இந்த நாட்டில் முதலீட்டாளருக்குக் கிடைத்திருக்கும் மிக நல்ல பொதுச் சொத்துகளுள் ஒன்று என்பேன். அதில் ஸ்கீம் எண், ஐஎஸ்ஐஎன், பெயர், என்ஏவி, தேதி எல்லாம் அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்டு வரிசையாக இருக்கின்றன. ஆனால் ஒரு வரியில் ஐஎஸ்ஐஎன்னுக்கு இரண்டு இடம்: குரோத் அல்லது பணமாகப் பெறுவதற்கு ஒன்று, மறுமுதலீட்டுக்கு இன்னொன்று. டைரக்ட், ரெகுலர் இரண்டிலும் இந்த மூன்று விருப்பங்களும் உள்ள ஒரு ஸ்கீமுக்கு ஆம்ஃபி எண் நான்கு, ஐஎஸ்ஐஎன் ஆறு. முதலீட்டாளர் கணக்குகளைப் பராமரிக்கும் பதிவாளர்கள் தங்கள் பங்குக்கு வைத்திருக்கும் உள் குறியீடுகள் தனி. இவற்றுக்குள் எது எதற்கு இணை என்று சொல்லும் விளக்கம் தமிழில் ஒரு பக்கம்கூட என் கண்ணில் படவில்லை.

ஐஎஸ்ஐஎன் ஒருபோதும் மாறாது என்றும் நான் வாதிட வரவில்லை. 2001 டிசம்பரில் பெஞ்ச்மார்க் நிறுவனம் தொடங்கிய நிஃப்டி பீஸ், நம் நாட்டின் முதல் ஈடிஎஃப், அதாவது பங்கைப் போலச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டு. அது பிறகு கோல்ட்மேன் சாக்ஸிடமும், அதன்பின் ரிலையன்ஸிடமும் போய், இன்று நிப்பான் இந்தியாவின் பெயரில் இருக்கிறது. தேசியப் பங்குச் சந்தையில் அதன் குறியீடு இன்றும் 'நிஃப்டிபீஸ்'தான். ஆனால் ஐஎன்எஃப்732ஈ01011 என்றிருந்த ஐஎஸ்ஐஎன், இன்று ஐஎன்எஃப்204கேபி14ஐ2. இதற்கிடையே 2019 டிசம்பரில் 10 ரூபாய் முகமதிப்பு 1 ரூபாயாகப் பிரிக்கப்பட்டு, 100 யூனிட் வைத்திருந்தவரின் கணக்கில் 1,000 யூனிட் ஆயிற்று. பழைய தாளை மட்டும் கையில் வைத்திருக்கும் வாரிசு எதை நம்புவார்? பராக் பாரிக்கில் பெயர் மாறிக் குறியீடு நின்றது. இங்கே சந்தைக் குறியீடு நிற்க ஐஎஸ்ஐஎன் மாறிவிட்டது. எனவே குறியீட்டை அச்சிடுவது பாதி வேலை. பழையதிலிருந்து புதியதற்கு வழிகாட்டும் பதிவேடு மீதிப் பாதி.

சந்தைக் குறியீடுகளைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் மியூச்சுவல் ஃபண்டின் குறியீடு ஐந்தெழுத்து, கடைசி எழுத்து எக்ஸ். பார்த்தவுடன் அது பங்கு அன்று, ஃபண்டு என்று தெரிந்துவிடும். நம்மிடம் ஒரே நிஃப்டி 50 குறியீட்டெண்ணைப் பின்தொடரும் ஈடிஎஃப்களில் ஒன்று நிஃப்டிபீஸ், ஒன்று எஸ்இடிஎஃப்என்ஐஎஃப்50, இன்னொன்று யூடிஐஎன்ஐஎஃப்டிஈடிஎஃப். ஈடிஎஃப் என்ற அடையாளம் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் இல்லவே இல்லை. இதை உடனே மாற்றச் சொல்லவில்லை. இனி வருபவற்றுக்காவது ஓர் ஒழுங்கு வகுக்கலாம்.

மறந்துபோன முதலீடுகளைத் தேடுவதற்கு 2025இல் மித்ரா தளத்தைக் கொண்டுவந்தீர்கள். அது முதலீட்டாளரின் விவரங்களைக் கொண்டு ஃபோலியோவைத் தேடும் தளம். நான் கேட்பது ஸ்கீமைத் தேடுவதற்கு. பழைய பெயரையோ பழைய ஐஎஸ்ஐஎன்னையோ உள்ளிட்டால், எந்தத் தேதியில் எந்தக் காரணத்தால் எதுவாக மாறியது, யூனிட் விகிதம் என்ன என்று காட்டும் பொதுப் பதிவேடு வேண்டும். தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் வேண்டும். கணக்கு அறிக்கையில் ஸ்கீமின் பெயருக்கு நேர்கீழே, பெயர் அச்சான அதே அளவில், ஐஎஸ்ஐஎன்னும் ஆம்ஃபி எண்ணும் வரவேண்டும். எஸ்ஐபி என்னும் தொடர் முதலீட்டின் தவணை பிடிக்கப்பட்டதும் எனக்கு வரும் குறுஞ்செய்தியில் ஸ்கீமின் பெயரே பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. அந்த இடத்தில் பன்னிரண்டு எழுத்து தாராளமாக அடங்கும். சந்தை அபாயம் பற்றிய எச்சரிக்கையை மூச்சுவிடாமல் ஒப்பிக்க விளம்பரங்களில் இடம் இருக்கும்போது, இதற்கும் இடம் கண்டுபிடிப்பது கடினம் அன்று.

அம்மையாரின் உரிமை மாற்ற விண்ணப்பத்தை மீண்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். படிவத்தில் ஐஎஸ்ஐஎன்னுக்குக் கட்டம் இல்லாததால் ஸ்கீம் பெயரின் ஓரத்தில் பென்சிலால் எழுதி, ஏழாவது எழுத்தின் மேல் 'இது சுழியம் அன்று' என்று குறித்திருக்கிறேன். அவருடைய ஸ்கீமின் குறியீட்டிலும் அந்த இடத்தில் ஓதான் வருகிறது.

இப்படிக்கு,
சிறு முதலீட்டாளர் ஒருவர்,
கும்பகோணம்.